சங்கு ஊதுலீங்க

அந்தப் பையை இங்க குடுங்க அம்மிணி, நான் மடியில வெச்சுக்கறேன். பாப்பாளை ஜன்னலோரமா உக்கார வெய்யுங்க. கையை வெளிய நீட்டாத கண்ணு. ஆங், அப்படி. சொன்னதும் கேட்டுக்கறா பாருங்க, தங்கம். யூகேஜீங்களா? நல்லா இருக்கட்டும். நான் கள்ளிமேட்டுப் பிரிவுல எறங்கோணும். கண்டக்டர்கிட்டச் சொல்லித்தான் வெச்சிருக்கறன், இருந்தாலும் மனசு ஒரு நெலையில நிக்கமாட்டேங்குது. பிரிவு வந்துதுன்னா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க இந்தப் பக்கம் இல்லீங்களா? தஞ்சாவூருங்களா? அதானே, பேச்சே வேற மாதிரி இருக்குதுன்னு பாத்தேன்.

இதா? இது விசிலு கண்ணு. நான் டிரில் மாஸ்டரு. சென்னியப்பன் மாஸ்டர்னு சொன்னா எங்க ஊர்ப் பக்கம் கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். வேலையை விட்டு நின்னும் விசிலைக் கழட்ட மனசு வருலீங்க அம்மிணி. ஏறும்போதே கண்டக்டர் சொல்லிப்போட்டாப்ல, “பெரியவரே, அதை மறந்தும் ஊதிப்போடாதீங்க, டிரைவர் நிறுத்திப்போடுவாரு”ன்னு. ஊதறதுக்கு இனி எனக்கு எங்கீங்க மூச்சு.

எம் பொண்ணு ஜெயில்ல இருக்குதுங்க.

அட, நவுந்து உக்காராதீங்க அம்மிணி. திருட்டு இல்லீங்க, பெரட்டு இல்லீங்க. மில்லுல தீப்பிடிச்சுதுல்லீங்க, பேப்பர்ல பாத்திருப்பீங்க, ஒரு புள்ளைகூடச் செத்துப்போச்சு. அந்தக் கேசு. திங்கக்கிழமை கோர்ட்டு. ஒரே ஒரு புள்ளை வந்து, “ஆமாங்க, கதவு பூட்டித்தான் இருந்துது”ன்னு சொன்னாப் போதும். அம்புட்டுத்தானுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். சொல்ல ஒரு ஆளு இல்லீங்க. உள்ள இருந்த புள்ளைக அத்தனையும் எங்கிட்ட வளந்த புள்ளைக. எங் கையால டிரில் பழகுன புள்ளைக. ஒண்ணுகூட வாயைத் தொறக்க மாட்டேங்குதுங்க. நன்றி கெட்ட காலமுங்க இது. ஒலகமே கெட்டுப்போச்சு.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்க ஊர்ல மில்லும் பள்ளிக்கோடமும் பக்கத்துல பக்கத்துலயே. நடுவுல ஒரு செவுரு. நான் சேந்த புதுசுல பள்ளிக்கோடத்துல ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதைத்தான் அடிச்சுட்டு இருந்தோம். அதையும் எவனோ பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். அப்பத்தான் மில்லு மேனேஜர் நேர்ல வந்தாரு. “மாஸ்டர், நாங்க புதுசு வாங்கிட்டோம், எங்க பழைய சங்கை நீங்க வெச்சுக்குங்க”ன்னாரு. சங்குன்னா கோயில்ல ஊதறது இல்லீங்க அம்மிணி. ஷிப்டு மாத்தறதுக்கு மில்லு மாடியில இருந்து ஊஊன்னு ஒண்ணு கேக்குமே, அதுக்கு எங்க பக்கம் பேரு சங்கு. நாலு ஊருக்குக் கேக்கும். ஹெட்மாஸ்டர் ரிப்பன் வெட்டுனாரு, லட்டுக் குடுத்தாங்க. அன்னையில இருந்து காலையில அங்க ஒரு சங்கு, இங்க ஒரு சங்கு. அண்ணந்தம்பியாட்ட ஒண்ணா ஊதும். அம்மாக்காரி அந்தக் கேட்டுல நொழைவா, மக இந்தக் கேட்டுல நொழைவா. பாக்கறதுக்கே அழகா இருக்குமுங்க.

அதுக்குப் பொறவு நான் வெச்சதுதான் சட்டம். சங்கு ஊதுனா உக்காரோணும், சங்கு ஊதுனா எந்திரிக்கோணும். தண்ணி குடிக்கறதுக்கு ஒரு சங்கு, ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு சங்கு. நடுவுல எவனாச்சும் வாயைத் தொறந்தா நான் அடிக்கக்கூட மாட்டேங்க, ஒரே ஒரு சொல்லுத்தான். “கம்முனு இரு.” அவ்வளவுதான், அடங்கிரும். புள்ளைக எனக்குப் பேரே அப்படி வெச்சிருந்தாங்க, கம்முனு வாத்தியாருன்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதானுங்க. ஒரு வாத்தியாருக்கு ஒத்தைச் சொல்லுல பேரு வாங்கறது லேசுப்பட்ட காரியமா?

துரைராஜுன்னு ஒரு ஆளு. தோழரு. யூனியன் வெக்கறேன், யூனியன் வெக்கறேன்னு மில்லு கேட்டுல நின்னு நின்னு தேஞ்சுபோன மனுசன். டீக்கடையில என்னையக் கண்டா விடமாட்டான். “மாஸ்டர், அந்தப் பக்கம் பஞ்சு நூலாகுது, இந்தப் பக்கம் புள்ளைக நூலாகுது. நடுவுல இருக்கற செவுரு சும்மா கண்தொடைப்பு”ம்பான். “பள்ளிக்கோடத்துல சொல்லித் தர்ற பாடம் எல்லாம் மறந்துபோயிரும் மாஸ்டர். யாரைக் கண்டா எந்திரிக்கோணும், யாருகிட்டப் பேசக் கூடாது, எப்பப் பசிக்கோணும், அது மட்டும் சாகற வரைக்கும் மறக்காது. முதலாளிக்கு வேண்டியது அந்தப் பாடந்தான். அதுக்குத்தான் பள்ளிக்கோடம் நடக்குது”ம்பான்.

நான் விடுவனா? “ஏப்பா துரைராஜு, புள்ளைக ஒண்ணுக்குப் போறதுக்கும் முதலாளிதான் காரணமா?”ன்னு கேட்டேன் பாருங்க, டீக்கடையே சிரிச்சுப்போச்சு. அவனும் சிரிச்சுட்டு, “வாயுள்ள புள்ளை பொழைக்கும்னு நம்ம பெரியவங்கதானே மாஸ்டர் சொல்லி வெச்சாங்க?”ன்னான். “நுணலும் தன் வாயால கெடும்னு சொன்னதும் அவுங்கதாம்ப்பா”ன்னேன். கைதட்டுனாங்க அம்மிணி. அந்தாளு டீயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

படிப்புக்கும் முதலாளிக்கும் என்னங்க சம்மந்தம்? படிப்புன்னா சரஸ்வதி. நீங்களே சொல்லுங்க.

எங்க பள்ளிக்கோடத்தோட பேரு எப்படி வெளிய தெரிஞ்சுதுன்னு சொல்றேன் கேளுங்க. ஒரு நாள் மத்தியானம் கரண்டு போயிருச்சு. பள்ளிக்கோடம் விடற நேரம் ஆச்சு, சங்கு ஊதுலை. எப்படி ஊதும்? கரண்டு இல்லையே. ஹெட்மாஸ்டர் என்னையப் பாக்கறாரு, வாயிலயே சொல்லி விட்டரலாமான்னு. நான் கண்ணைக் காட்டினேன், இருங்க சார், பாப்போம்னு. புள்ளைக ஒண்ணு எந்திரிக்கோணுமே! கைகட்டி உக்காந்தது உக்காந்தபடி. கேட்டுக்கு வெளிய தாய்மாருக கூட்டம் கூடிப்போச்சு. பொழுது சாயுது. ஒண்ணாப்புல ஒரு சின்னது உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சுங்க, ஆனா எந்திரிக்கல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்த வயசுல இந்தக் கட்டுப்பாடு வேற எங்கயாச்சும் உண்டுங்களா?

விளக்கு வெக்கற நேரத்துலதான் கரண்டு வந்துது. சங்கு ஊதுச்சு. அப்பறந்தான் எந்திரிச்சாங்க. சேதி மில்லுக்குப் போயி, மேனேஜர் வந்து கேடயம் குடுத்தாரு. மேடையில எங் கையப் புடிச்சுட்டு, “மாஸ்டர், உங்க புள்ளைகளை எங்களுக்கே குடுத்துருங்க, ட்ரெயினிங்கே வேண்டாம்”ன்னாரு. அதுல இருந்து பன்னண்டாவது பாஸானாலும் பெயிலானாலும் எங்க புள்ளைகளுக்கு மில்லுல வேலை. எத்தனை குடும்பத்துல அடுப்பு எரிஞ்சுது தெரியுங்களா, எங் கையால?

அன்னைக்கு எந்திரிச்சது ஒரே ஒரு புள்ளை. எம் பொண்ணு.

தமயந்தி அப்ப ஏழாவது. எல்லாரும் உக்காந்திருக்கறாங்க, இவ மட்டும் பையை மாட்டிட்டு எந்திரிச்சு நின்னுட்டா. “சங்குதானுங்கப்பா கெட்டுப்போச்சு, பொழுதுமா கெட்டுப்போச்சு? வீட்டுக்குப் போற நேரம் ஆயிருச்சே”ங்கறா. அத்தனை புள்ளைக முன்னால, அத்தனை வாத்தியாருக முன்னால. எனக்கு மூஞ்சியை எங்க கொண்டு போயி வெக்கறதுன்னு தெரியுலீங்க. முட்டி போட வெச்சேன், சங்கு ஊதற வரைக்கும். அடியாத மாடு படியாதுங்க அம்மிணி. எம் பொண்ணுன்னு விட்டா மத்ததுக எப்படி மதிக்கும்?

அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான். ஏன், ஏன், ஏன். இந்தப் பாப்பாளாட்ட இல்லீங்க. இவ கேக்கறது அழகா இருக்குது. அது கேட்டா குத்தும்.

பொங்கலுக்கு முதலாளி பங்களாவுல எங்க புள்ளைகளோட பேண்டு வாத்தியம் நடக்கும். ஒரு வருசம் முதலாளி ஐயா பேசிக்கிட்டு இருக்கறாரு, அவரோட பேத்தி, ஊட்டியில படிக்கற புள்ளை, எம் பொண்ணு வயசுதான் இருக்கும், நடுவுல எந்திரிச்சு, “தாத்தா, நீங்க சொல்றது தப்பு, அது அப்படி இல்லை”ன்னு சொல்லுச்சு பாருங்க. எல்லாரும் கைதட்டுனாங்க. ஐயாவே கைதட்டுனாரு. “எங்க ஸ்கூல்ல அப்படித்தான் பழக்கறாங்க, நாளைக்கு நாலு பேரை மேய்க்க வேண்டிய புள்ளையில்ல”ன்னாரு. நானும் தட்டுனேன், கை செவக்கத் தட்டுனேன். என்ன தெகிரியம்! தமயந்தி எங் கையைச் சுரண்டி, “அப்பா, அந்தப் புள்ளை மட்டும் கேட்டாக் கைதட்டறீங்க?”ன்னா. கம்முனு இருன்னேன். பெரிய எடத்துப் புள்ளை கேட்டா அது அறிவு. நம்மூட்டுப் புள்ளை கேட்டா அது திமிரு. அததுக்கு ஒரு எடம் இருக்குதில்லீங்களா? இது எப்படிப் புரிய வெக்கறது அதுக்கு?

காலேஜுல சேத்தேன். அங்கயும் வாத்தியாரைக் கேள்வி கேட்டு வெளிய வந்து நின்னுது. சரி, வீட்டுல சும்மா வெச்சா வாய்தான் வளரும்னு நானே மேனேஜர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரும் எம் மூஞ்சிக்காக எடுத்துக்கிட்டாரு. நூல் மிஷின்ல அறுந்த இழையை ஒட்டற வேலை. கூட வேலை செய்யறது எல்லாம் நம்ம பள்ளிக்கோடத்துப் புள்ளைக. மேகலா, வளர்மதி, செல்வநாயகி எல்லாரும். அதுகளைப் பாத்தாச்சும் அடக்கம் வரும்னு நெனச்சேன்.

வந்துதா? சேந்த மாசமே சாப்பிடும்போது கேக்கறா, “அப்பா, ஷிப்டு நேரத்துல எங்க கதவை வெளிய பூட்டறாங்க. ஏன் பூட்டறாங்க?” புள்ளைக அடிக்கடி வெளிய போயி நேரம் வீணாகுதுன்னு சூப்பர்வைசர் பூட்டி, சாவியை இடுப்புல சொருவிக்குவாராம். “பெரியவங்க பூட்டுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீ கம்முனு சோலியைப் பாரு”ன்னேன். அது அப்பறம் கேக்கலை.

தீப்பிடிச்சது பகல் ஷிப்டுல. பஞ்சு சுத்தம் பண்ற எடத்துல பொறி பறந்து பிடிச்சுக்கிச்சாம். பஞ்சுல தீப்பிடிச்சாக் கேக்கோணுமா? கரண்டு போச்சு. புகை இங்க நூல் மிஷின் பக்கம் வந்துருச்சு. சூப்பர்வைசர் கதவுக்கு வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருந்தவன் சாவியோட ஓடிப்போயிட்டான்.

மில்லுல விதி என்னன்னா, ஆபத்துன்னா சங்கு விட்டு விட்டு ஊதும். ஊதுனா மிஷினை விட்டுட்டு வரிசையா வெளிய போகோணும். ஊதற வரைக்கும் அவங்கவங்க மிஷினை விட்டு நவுரக் கூடாது.

கரண்டு இல்லீங்களே. சங்கு ஊதுலீங்க.

புள்ளைக நின்னுதுக அம்மிணி. கையைக் கட்டிக்கிட்டு, துப்பட்டாவுல மூக்கைப் பொத்திக்கிட்டு, அதது மிஷினுக்குப் பக்கத்துல நின்னுதுக. ஒண்ணு கத்தலை. தமயந்தி, “ஓடுங்கடி, ஓடுங்கடி”ன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கறா. நவுரலை. பொறவு நூல் வண்டியைத் தள்ளிட்டுப் போயி ஜன்னல் கண்ணாடியை மோதி ஒடச்சு, ஒவ்வொருத்தியாக் கையைப் புடிச்சு இழுத்து, வராதவளைக் கன்னத்துல அறைஞ்சு, அந்த ஜன்னல் வழியா வெளிய தள்ளியிருக்கறா. ரெண்டு கையும் கண்ணாடி கீறிக் கெடக்குதுங்க, நான் பாத்தேன். வளர்மதி மட்டும் உள்கோடியில, ரெண்டு மிஷினுக்கு நடுவுல. இவ கையைப் புடிச்சு இழுத்தப்ப கையை உருவிக்கிட்டு, “சங்கு ஊதட்டும்க்கா”ன்னு சொல்லுச்சாம். அதுக்கு மேல புகையில ஒண்ணும் தெரியலையாம்.

தண்ணி இருக்குதுங்களா அம்மிணி? ஒரு மொடக்கு. போதுங்க, போதும்.

அந்த வளர்மதி ரெண்டாப்புல இருந்து எங்கிட்ட. வரிசையில நின்னா ஈ உக்காந்தாலும் ஓட்டாது. தங்கமான புள்ளை.

இப்ப மில்லுல என்ன சொல்றாங்க? கதவு தொறந்துதான் இருந்துதாம். எம் பொண்ணு வேணும்னே கூச்சல் போட்டு, கண்ணாடியை ஒடச்சு, புள்ளைகளை மிரள வெச்சு, அந்த நெரிசல்ல வளர்மதி கீழ விழுந்து செத்துப்போச்சாம். “ஏற்கனவே அந்தப் பொண்ணு அடங்காதது, கேள்வி கேக்கறது, அவங்கப்பாவே எங்ககிட்டச் சொல்லித்தான் சேத்துவிட்டாரு”ன்னு மேனேஜர் போலீசுல சொல்லியிருக்கறாருங்க. நான் சொன்னது நெசந்தான். நல்லபடியா மேய்ச்சுக்குவாங்கன்னு சொன்னேன். அதையா அங்க போயிச் சொல்லுவாங்க?

கேட்டுட்டுத்தான் இருக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க, யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாமச் சொல்லிட்டு இருக்கறேன்.

வீடு வீடாப் போனேன் அம்மிணி. மேகலா வீட்டுக்குத்தான் மொதல்ல. என்னையக் கண்டதும் சடார்னு எந்திரிச்சு, கையைக் கட்டிக்கிட்டு, “குட் மார்னிங் சார்”ங்குது. மத்தியானம் அது. இந்தக் காலத்துல எந்த வாத்தியாருக்குங்க இந்த மரியாதை? “கண்ணு, கதவு பூட்டியிருந்துதா இல்லையா?”ன்னேன். நிக்குது. “பயப்படாத, சார்தானே கேக்கறேன்.” நிக்குது. செவிடன் காதுல ஊதுன சங்காட்டம் ஆயிப்போச்சு எம் பேச்சு. கடைசியில மெதுவா, “என்ன சொல்லோணுமுங்க சார்?”ன்னுச்சு. “உண்மையைச் சொல்லு சாமி”ன்னேன். அது என்னையவே பாக்குது. “எதுங்க சார் உண்மை? நீங்க சொல்லிக் குடுங்க சார். மேனேஜர் சாரும் சொல்லிக் குடுத்தாரு. நான் நல்லா மனப்பாடம் பண்ணிக்குவேன்”னுச்சு.

திமிரா சொல்லலீங்க. நெசமாவே கேக்குது. பரீட்சைக்குக் கேக்கற மாதிரி.

வக்கீல்கிட்டப் போயிச் சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. “சொல்லிக் குடுத்த சாட்சி கூண்டுல ஒரு கேள்விக்கு நிக்காது மாஸ்டர். எதிர் வக்கீல் கொஞ்சம் அதட்டுனா அவரு சொல்றதுக்கும் ஆமாங்க சார்னுரும். தானா வாயைத் தொறக்கற புள்ளை ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க”ன்னாரு. தானா வாயைத் தொறக்கற புள்ளைக்கு எங்க போவேன்? அப்படி ஒண்ணுதான் இருந்துது, அதைத்தான் ஜெயில்ல போட்டுட்டாங்க.

மத்த வீட்டுலயும் இதேதான். கையைக் கட்டுதுக, தலையைக் குனியுதுக. மில்லுல மிரட்டியிருக்கறாங்கன்னு துரைராஜுகிட்டச் சொன்னேன். அந்த மனுசன்தான் இப்ப கோர்ட்டுக்கு எங்கூட அலையறான், டீக்கடையில நான் கேவலப்படுத்துனதை எல்லாம் மனசுல வெச்சுக்காம. அவன் சொல்றான், “மிரட்டலுக்குப் பயந்து வாயை மூடுனவன் ஒரு நாளைக்குத் தொறந்துருவான் மாஸ்டர். எத்தனை பேரைப் பாத்திருக்கறேன். இது அது இல்லை.” அப்பறம் எதுப்பான்னேன். எம் மூஞ்சியைப் பாத்தான். வாய் ஓயாத ஆளுங்க அவன். அன்னைக்கு எந் தோளைத் தட்டிட்டுக் கம்முனு போயிட்டான்.

நேத்து ஜெயிலுக்குப் போயிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தமயந்தி. பாதியா எளச்சுப்போச்சு. “சாப்பிட்டியா சாமி”ன்னேன். அதுக்குப் பதில் சொல்லாம என்ன கேக்கறா தெரியுங்களா? “அப்பா, ஒரு நாள் நம்ம பள்ளிக்கோடத்துல சங்கு ஊதாமப் போச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?”ன்னு. இத்தனை துன்பத்துலயும் முட்டி போட வெச்சதை மறக்கலை பாருங்க! எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. “பழசை எல்லாம் ஏம்மா இப்பக் கிண்டறே, அப்பாவை மன்னிக்கக் கூடாதா?”ன்னேன். அது தலையை ஆட்டி, “அதுக்கில்லீங்கப்பா”ன்னுச்சு. என்னமோ சொல்ல வந்துது. நேரம் முடிஞ்சுதுன்னு அங்க மணி அடிச்சுப்போட்டாங்க. எதுக்கில்லைன்னு இன்னும் எனக்கு வெளங்குலை.

ராத்திரி எல்லாம் அதே நெனப்புதான். எதுக்கில்லை? பின்ன எதுக்குக் கேட்டா?

இப்பக் கடைசியா செல்வநாயகி. கட்டிக் குடுத்து கள்ளிமேட்டுல இருக்குது, அங்க இருந்துதான் மில்லு வண்டியில வேலைக்கு வரும். எனக்கு இந்தப் புள்ளை மேல நம்பிக்கை இருக்குதுங்க. டிரில்லுக்கு லீடர் அதுதான். நான் வாயைத் தொறக்கவே வேண்டியதில்லை, கண்ணைக் காட்டுனாப் போதும், அத்தனை பேரையும் நிறுத்திப்போடும். அப்படி ஒரு கட்டுப்பாடு. எங்கிட்டப் படிச்சதுலயே முத்து. தமயந்தி கையைப் புடிச்சு ஜன்னல் வழியா மொதல்ல தள்ளுனது அதைத்தான். அது பேசும். பேசாமப் போயிருமா? அதுவும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுதுன்னா நான் அந்த எடத்துலயே உசுரை விட்டுருவேன் அம்மிணி. திங்கக்கிழமைக்கு அப்பறம் எம் பொண்ணு எத்தனை வருசம் உள்ள கெடக்கோணுமோ. என்னையப் பாத்தா “அப்பா”ங்கறதுக்கு வேற யாரு இருக்கறா எனக்கு?

என்ன கண்ணு? என்ன கேக்கறே? தாத்தா அழுகலை, தூசி.

அந்த அக்காளுக ஏன் ஓடலைன்னா கேக்கறே? சங்கு ஊதுலை கண்ணு. அதுதான் சொன்னேனே. சங்கு ஊதுனாத்தான்... சங்கு ஊதாட்டி ஓடக் கூடாதான்னா? அதெப்படி ஓடறது? ஒரு ஒழுங்கு வேண்டாமா? தீ சுடுமேன்னா? சுடும். சுடும் கண்ணு. அதுக்காக... இதென்ன கேள்வி மேல கேள்வி? பெரியவங்க பேசறப்பக் குறுக்க பேசக் கூடாது. கம்முனு இரு. வாயில வெரலை வெய்யி. ஆங், அப்படித்தான்.

பாத்தீங்களா அம்மிணி, ஒத்தைச் சொல்லு. டக்குனு வெச்சுட்டா. கண்ணுகூட அசைய மாட்டேங்குது. நல்ல பள்ளிக்கோடமுங்க. நல்லாத்தான் பழக்கியிருக்கறாங்க. நம்ம வளர்மதி இப்படித்தான்... இப்படியேதான்...

கண்ணு. என்னமோ கேட்டியே. என்ன கேட்டே? மறுக்கா ஒருக்காக் கேளு. தாத்தா திட்டமாட்டேன். கேளு. வெரலை எடு சாமி, நான் சும்மா சொன்னேன். எடுத்துட்டுக் கேளு.

ஏனுங்கம்மா, எடுக்க மாட்டேங்கறாளே? மிஸ்ஸு சொன்னாத்தான் எடுப்பாளா? நான் சொல்றேன், நானும் வாத்தியார்தானே. எடு கண்ணு, மிஸ்ஸு சொல்லிட்டாங்க. எடு. என்னுங்க? மிஸ்ஸு சொன்னாலும் பத்தாதா? மணி அடிக்கோணுமா? மணி அடிச்சாத்தானா? பஸ்சுக்குள்ள நான் மணிக்கு எங்கீங்க போவேன்? இரு கண்ணு, இரு, விசில் இருக்குது. இந்தா பாரு, ஊதறேன். ஊதுனதும் எடுத்துரோணும், என்ன?

ஊதிட்டேன் கண்ணு. எடு.

நாந்தானுங்க கண்டக்டர், நாந்தான் ஊதுனேன். பஸ்ஸை நிறுத்தறதுக்கு ஊதலீங்க. தப்புத்தான், தப்புத்தானுங்க. டிரைவர் தம்பி, ஒரு விசிலுக்கு நிறுத்திப்போட்டியேப்பா. இந்தப் புள்ளை எடுக்க மாட்டேங்குது பாருங்க. என்னத்துக்கு எல்லாரும் என்னையப் பாக்கறீங்க, புள்ளையைப் பாருங்க. பிரிவு பக்கத்துலதானா? சரி, எறங்கிக்கறேன், நடந்தே போயிக்கறேன். அம்மிணி, இந்தாங்க உங்க பை. சாமி, தங்கம், தாத்தா எறங்கிட்டாக்கூட எடுத்துரு, என்ன?

போலாம், போலாமுங்க கண்டக்டர். அம்மிணி! ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க. எடுத்துட்டாளா? வெரலை எடுத்துட்டாளா? இங்கிருந்து தெரியுலீங்க. அம்மிணி, சொல்லிட்டுப் போங்க! எடுத்துட்டாளா?